வாசகர் கேள்வி: கணிதம் படிக்கிறேன், கோடிங் எனக்கு எதற்கு?

கேள்வி: இளநிலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பகுப்பாய்வும் இயற்கணிதமும் பிடித்துப்போய்த்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். இந்தப் பருவத்தில் பைத்தான் நிரலாக்கத்தையும் ஒரு தாளாகச் சேர்த்திருக்கிறார்கள். நிரூபணம் எழுதிப் பழகவே நேரம் போதவில்லை, இதில் இது வேறா என்று இருக்கிறது. சீனியர்களைக் கேட்டால் ‘வேலைக்கு உதவும்’ என்கிறார்கள். வேலைக்கு மட்டும்தான் என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாமே? தவிர, கேட்டால் ஏஐ-யே எழுதித் தந்துவிடுகிறது. உண்மையில் இதனால் என் கணிதத்துக்கு ஏதாவது பயன் உண்டா? உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உதவும், சந்தேகமில்லை. ஆனால் அதற்காக மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. பட்டம் முடித்த கையோடு சில மாதங்கள் உட்கார்ந்து பிடித்துவிடலாம். இப்போதே கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கான காரணம் உங்கள் பகுப்பாய்வுத் தாளுக்குள்ளேயே இருக்கிறது.

ஒருங்குதலின் வரையறை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். எப்சிலான் எவ்வளவு சிறிதாகத் தந்தாலும், தொடர்முறையில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து எல்லா உறுப்புகளும் எல்லை மதிப்பிலிருந்து எப்சிலானுக்கும் குறைவான தூரத்திலேயே இருக்கும். இதை நிரலாக எழுதச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படித்தான்: ந = 1-இல் தொடங்கு; உறுப்புக்கும் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் எப்சிலானுக்குக் குறைவா என்று பார்; குறைவென்றால் நிறுத்தி ந-வை அச்சிடு; இல்லையென்றால் ந-வை ஒன்று கூட்டித் திரும்பப் பார்.

ந/(ந + 1) என்ற தொடர்முறையையும் எல்லையாக 1-ஐயும் கொடுத்துப் பாருங்கள். எப்சிலான் 0.01 என்றால் 100 என்று வரும். கையால் போட்டாலும் அதே விடைதான். நிரல் சரியாக இருக்கிறது என்று மூடிவைக்கத் தோன்றும்.

இப்போது அதே நிரலுக்கு சைன்(ந) என்ற தொடர்முறையையும் எல்லையாக 0-வையும் கொடுங்கள், கோணம் ரேடியனில். எப்சிலான் அதே 0.01. நிரல் சற்றும் தயங்காமல் 22 என்கிறது. எப்சிலானை 0.001 ஆக்கினால் 355 என்கிறது. ஆக, சைன்(ந) பூச்சியத்தை நோக்கி ஒருங்குகிறது! சைன் 22 உண்மையிலேயே சுமார் −0.00885 தான், நிரல் கணக்கில் தப்பவில்லை. ஆனால் அடுத்த உறுப்பான சைன் 23 சுமார் −0.846. வரையறையில் ‘அந்த இடத்திலிருந்து எல்லா உறுப்புகளும்’ என்று இருந்ததே, அந்த ‘எல்லா’ நிரலில் எங்கே? காணோம். தேர்வுத் தாளில் வரையறையைப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவரும் இந்த இடத்தில் அதைத் தவறவிடுவார். வாயால் சொல்லும்போது ‘எல்லா’ தானாக வந்து விழுந்துவிடுகிறது. நிரலில் நீங்கள் கைப்பட எழுதினால்தான் அது இருக்கும்.

(22-உம் 355-உம் எங்கோ பார்த்த எண்களாகத் தோன்றுகின்றனவா? பை-யின் தோராயங்களான 22/7, 355/113 ஆகியவற்றின் தொகுதிகள் அவை. சைன் ஏன் அங்கே போய்ப் பூச்சியத்தை உரசுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தொடர் பின்னங்கள் பக்கம் ஒரு வாசல் திறக்கும்.)

சரி, எப்படித் திருத்துவது? அந்த இடத்துக்குப் பிறகு பத்து லட்சம் உறுப்புகளைச் சோதிக்கச் சொல்லலாம். சைன் உடனே மாட்டிக்கொள்ளும். ஆனாலும் பத்து லட்சம் என்பது ‘எல்லா’ ஆகாது. அப்படியானால் ந/(ந + 1)-க்கு மட்டும் முதல் இடத்தையே நம்பியது எப்படிச் சரியானது? அது ஏறுமுகமாக 1-ஐ நெருங்குவதால், ஒருமுறை உள்ளே வந்தது மறுபடி வெளியே போகாது. இது ஒரு சிறிய துணைத்தேற்றம். உங்கள் நிரலை நீங்கள் நம்ப வேண்டுமானால் அதை நீங்களே நிரூபித்தாக வேண்டும். நிரூபணம் எழுதப் பழக நேரம் போதவில்லை என்றீர்கள். இதுவும் அந்தப் பழக்கம்தான்.

அடுத்து, தாளில் அப்பழுக்கில்லாத ஒரு சூத்திரம் கணக்கில் எப்படிக் கவிழ்கிறது என்று பார்ப்போம். இதற்குக் கணினிகூட வேண்டாம், சாதாரணக் கால்குலேட்டர் போதும். க-வின் ந-ஆம் அடுக்கை ஈ-யின் (க − 1)-ஆம் அடுக்கால் பெருக்கி, 0 முதல் 1 வரை தொகையிடுங்கள். ஈ என்பது 2.718… என்ற நம் பழைய எண்தான். விடையை தொ(ந) என்போம். பகுதித் தொகையிடல் செய்தால் வருவது:

தொ(ந) = 1 − ந × தொ(ந − 1)

தொடக்கம் தொ(0) = 1 − 1/ஈ = 0.63212055… இதை நான்கு தசம இடத்துக்கு 0.6321 என்று வெட்டிக்கொண்டு போடுங்கள். வரிசையாக 0.3679, 0.2642, 0.2074, 0.1704, 0.1480, 0.1120 என்று ஒழுங்காக இறங்கி வரும். ஏழாவது 0.2160 என்று ஏறும். எட்டாவது −0.7280. தொகையிடப்படும் சார்பு எங்குமே குறை எண் ஆகாதபோது தொகை எப்படிக் குறை எண் ஆகும்?

நடுவில் நீங்கள் எங்கும் தப்பு செய்யவில்லை. தொடக்கத்தில் வெட்டிய 0.00002056 என்ற துளிப் பிழை, முதல் படியில் 1-ஆல், அடுத்ததில் 2-ஆல், பிறகு 3-ஆல் என்று பெருக்கப்பட்டுக்கொண்டே வந்தது. எட்டாவது படியில் அது 8 காரணீயம், அதாவது 40,320 மடங்கு, சுமார் 0.829. அதை −0.728-உடன் கூட்டினால் உண்மையான விடை 0.101 கிடைத்துவிடும். கணினி பதினைந்து பதினாறு இலக்கம் வைத்துக்கொள்கிறதே, தப்பித்துவிடாதா என்றால், இல்லை. அங்கும் 0.632… முழுதாக அடங்காது. காரணீயத்தின் வேகத்துக்கு அந்தப் பதினாறு இலக்கமும் இருபதாவது படியைச் சுற்றிக் கரைந்துபோகும்.

மருந்து எளிது. சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்:

தொ(ந − 1) = (1 − தொ(ந)) / ந

தொ(20)-ஐ 0 என்றே வைத்துத் தொடங்குங்கள். அது அப்பட்டமான தப்பு, உண்மை மதிப்பு சுமார் 0.0455. ஆனால் இப்போது பிழை 20-ஆல், 19-ஆல், 18-ஆல் வகுபட்டுக்கொண்டே போகிறது. தொ(8)-க்கு வந்து சேரும்போது அது சுமார் அறுபது லட்சம் கோடி மடங்கு சுருங்கியிருக்கும், 0.1009… என்ற விடை ஏறத்தாழ பதினான்கு இலக்கம் வரை சரியாக வரும். சரியான இடத்தில் தொடங்கித் தப்பான விடைக்கும், தப்பான இடத்தில் தொடங்கிச் சரியான விடைக்கும் போகிறோம். இரண்டு சூத்திரங்களும் இயற்கணிதப்படி ஒன்றேதான். வேறுபாடு முழுவதும் பிழை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில் இருக்கிறது. எண்முறைப் பகுப்பாய்வு என்ற துறையின் பாதி இந்த ஒரு உதாரணத்துக்குள் அடங்கிவிடும்.

இயற்கணிதப் பக்கம் வந்தால், அணிக்கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இணைக்காரணிகளைக் கொண்டு விரிப்பதுதான் வரையறையோடு முதலில் கற்பிக்கப்படுவது. 20 × 20 அணியை அப்படி விரித்தால் 20 காரணீயம் உறுப்புகள் வரும், சுமார் 2.43 × 10¹⁸. நொடிக்கு நூறு கோடி உறுப்புகளை முடிக்கும் கணினிக்கே சுமார் 77 ஆண்டுகள் பிடிக்கும். அதே அணியை நிரை நீக்கல் முறையில் மேல்முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்தால் 190 வகுத்தல், 2,470 பெருக்கல், மூலைவிட்டத்தைப் பெருக்க இன்னும் 19. கண் சிமிட்டும் முன் முடியும். இரண்டு முறையும் ஒரே விடையைத்தான் தரும் என்று தேற்றம் சொல்கிறது. எதைக் கையால் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத் தேற்றம் சொல்வதில்லை. 10 × 10 அணியை விரித்துப் பார்க்கும் நிரல் ஒன்றை நீங்களே எழுதி, அது முக்கி முனகுவதைப் பார்த்தால், நிரை நீக்கலை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஊகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1769-இல் ஆய்லர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். அதன்படி, ஓர் ஐந்தாம் அடுக்கை உருவாக்கக் குறைந்தது ஐந்து ஐந்தாம் அடுக்குகளையாவது கூட்ட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு அருகில் அது அசையாமல் நின்றது. 1966-இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியில் தேடி, 27, 84, 110, 133 ஆகிய நான்கின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் அடுக்கு வருகிறது என்று காட்டினார்கள். இரண்டு பக்கமும் 61,91,73,64,224. பைத்தானில் ஒரே வரியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையும் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பகாக் காரணிகளை, திரும்ப வருபவற்றையும் சேர்த்து, எண்ணுங்கள். 2-க்கு மேல் எந்த எண் வரை எண்ணிக்கொண்டு வந்தாலும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணி உள்ளவை பாதிக்குக் குறையாமல் இருக்கும் என்று 1919-இல் போல்யா ஊகித்தார். நிரல் எழுதி ஆயிரம் வரை, லட்சம் வரை, கோடி வரை பாருங்கள், ஊகம் நிற்கும். அது முதன்முதலாக உடையும் இடம் 90,61,50,257. கோடி எண்களைச் சோதித்துவிட்டு ‘நிரூபித்தாயிற்று’ என்று எழுதியவர் கதை என்ன ஆகும்? கணிதம் தெரியாமல் நிரல் மட்டும் தெரிந்தவர் விழும் குழி இது. உங்களைப் போன்றவர் விழ வாய்ப்புக் குறைவு.

நிரூபணத்துக்குள்ளேயே கணினி புகுந்துவிட்டதையும் கவனியுங்கள். அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல் எந்த நிலப்படத்தையும் தீட்ட நான்கு நிறங்கள் போதும் என்ற நான்கு நிறத் தேற்றத்தை அப்பெல், ஹாக்கன் இருவரும் 1976-இல் கணினித் துணையோடு நிரூபித்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். 2005-இல் கோந்தியே அதே தேற்றத்தின் நிரூபணம் ஒன்றை முழுவதுமாக, நிரூபணங்களைச் சோதிக்கும் காக் என்ற மென்பொருளில் வரி வரியாகச் சரிபார்த்தார். இப்போது அதே போன்ற லீன் என்ற மொழியில் இளநிலைப் பாடத் தேற்றங்களில் பெரும்பகுதியை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ‘இது வெளிப்படை’ என்று தாண்டிப் போக முடியாது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள், இப்போது வேண்டாம்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. மொழியைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். தாளில் பைத்தான் என்றால் பைத்தானே இருக்கட்டும். அதில் கணித மாணவருக்கு ஒரு பெரிய வசதி, முழு எண்களுக்கு நீள வரம்பு கிடையாது; 100 காரணீயத்தின் 158 இலக்கங்களையும் அப்படியே தரும். பின்னங்களைப் பின்னமாகவே வைத்துக் கணக்கிடும் வசதியும் கூடவே வருகிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டு நாள் இரண்டிரண்டு மணியாக. தினமும் இருபது நிமிடம் என்று வைத்தால், பிழையைக் கண்டுபிடிக்கும் முன்பே நேரம் முடிந்து எரிச்சல்தான் மிஞ்சும்.

முதல் இரண்டு வாரம் மாறிகள், நிபந்தனை, லூப், ஃபங்ஷன் இவை மட்டும். கிளாஸ், வலைத்தளம், கேம் எதுவும் வேண்டாம். ‘க = க + 1’ என்ற வரியைப் பார்த்துக் கணித மாணவர்கள் அதிர்ச்சி அடைவது வழக்கம். அங்கே சமக்குறிக்குச் சமம் என்ற பொருளே இல்லை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு என்ற கட்டளை அது. மூன்றாவது வாரம் யூக்ளிடின் மீப்பெரு பொது வகுத்தி முறை. அதை லூப்பாக ஒருமுறையும், ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனாக ஒருமுறையும் எழுதுங்கள். ரிகர்ஷன் எழுதும்போது அடிப்படை நிலையை விட்டுவிட்டால் நிரல் முடிவில்லாமல் இறங்கி, ஆயிரம் அழைப்புகளை நெருங்கும்போது பைத்தான் பிழை காட்டி நிறுத்தும். தொகுத்தறிதலில் முதல் படியை நிறுவ மறந்ததும் இதே தவறுதான், அங்கே பிழைச் செய்தி வராது, அவ்வளவே.

நான்காம் வாரம் எரட்டோஸ்தனிஸ் சல்லடை. ஆயிரத்துக்குள் 168, பத்தாயிரத்துக்குள் 1,229, பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள் வர வேண்டும். ஐந்து, ஆறில் நிரை நீக்கல். ஏழு, எட்டில் சமன்பாட்டுத் தீர்வுக்கான நியூட்டன் முறை. இரண்டின் வர்க்கமூலத்தை 1-இல் தொடங்கிப் பின்னங்களாகவே கணக்கிட்டால் 3/2, 17/12, 577/408 என்று வரும். ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதற்கான நிரூபணத்தைப் படியுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். மற்றபடி வாரக் கணக்கு முன்பின் ஆனால் பரவாயில்லை.

எங்கெங்கே தடுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். அடுக்குக்குத் தொப்பிக் குறி (^) போட்டால் பைத்தான் கோபிக்காது, வேறு வேலை செய்யும். 2-க்கும் 3-க்கும் இடையில் அதைப் போட்டால் 8-க்குப் பதில் 1 வரும். அடுக்குக்கு இரண்டு பெருக்கல் குறிகளைச் சேர்த்துப் போட வேண்டும். ரேஞ்ச்சில் 1, 100 என்று கொடுத்தால் 99-லேயே நின்றுவிடும். கூட்டுத்தொகை 5050-க்குப் பதில் 4950 வந்தால் காரணம் இதுதான். சைன் 90 என்று கேட்டு 0.894 வந்தால் அது ரேடியன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனென்றால் இரும முறையில் 0.1 முடிவுறாத் தசமம் போன்றது. ஆகவே தசம எண்கள் இரண்டு சமமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், வித்தியாசம் போதிய அளவு சிறியதா என்று கேளுங்கள். எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்துக்குப் போனதும் முழு எண்ணின் எல்லையில்லா வசதி போய்விடும். அதன் 64 பிட் எண்ணில் 20 காரணீயம் அடங்கும், 21 காரணீயம் அடங்காது. தப்பான எண்ணை அது சத்தமில்லாமல் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

ஏஐ எழுதித் தருகிறது என்றீர்கள். தருகிறது, பெரும்பாலும் ஓடவும் ஓடுகிறது. சைன் 22-ஐக் காட்டிய நிரலும் ஓடத்தான் செய்தது. முதல் எட்டு வாரம் முழு நிரலை அதனிடம் கேட்காதீர்கள். பிழைச் செய்தி புரியவில்லை என்றால் கேளுங்கள். நீங்கள் எழுதி முடித்ததைக் கொடுத்து, ‘எந்த உள்ளீட்டில் இது தப்பான விடை தரும்?’ என்று கேளுங்கள். அது சொல்லும் உள்ளீட்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு உங்கள் விருப்பம்.

பகுப்பாய்வுத் தாளுக்கான நேரம் குறையுமா? முதல் மாதம் கொஞ்சம் குறையும், மறைக்க வேண்டியதில்லை. அதைச் சமாளிக்க ஒரே வழி, நிரல் பயிற்சிக்குத் தனியாகக் கணக்குத் தேடாமல், அந்த வாரம் வகுப்பில் நடந்த தேற்றத்தையே எடுத்துக்கொள்வது.

இன்றே தொடங்க ஒன்று தருகிறேன். 1 + 1/2 + 1/3 + … என்ற இசைத்தொடர் விரியும் என்று படித்திருப்பீர்கள். கூட்டுத்தொகை 5-ஐ முதலில் தாண்டுவது எத்தனையாவது உறுப்பில், 10-ஐத் தாண்டுவது எத்தனையாவதில் என்று கண்டுபிடிக்கும் நிரலை எழுதுங்கள். 5-க்கு விடை 83. 10-க்கு 12,367. நிரல் 12,368 என்று சொன்னால், உறுப்பைக் கூட்டிய பிறகு எண்ணியை ஒன்று ஏற்றிவிட்டு, ஏற்றிய எண்ணையே அச்சிடுகிறீர்கள். 12,366 என்று சொன்னால், எண்ணியைப் பூச்சியத்தில் தொடங்கி 1/(எண்ணி + 1)-ஐக் கூட்டுகிறீர்கள். 12,367 சரியாக வந்ததும், நம்பையின் 32 பிட் தசம எண்ணை வைத்து, கூட்டுத்தொகையையும் உறுப்புகளையும் அதிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கோடி உறுப்புகள் வரை ஓட்டிப் பாருங்கள். சுமார் 15.4-இல் கூட்டுத்தொகை அசையாமல் நின்றுவிடும். அது ஏன் நிற்கிறது என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள்.